எதிர்காற்றில் உதிர்ந்த மணிகள்

ஆடி நான்காம் தேதி, சனிக்கிழமை, பகல் ஒன்றேகால் மணிக்குக் கணவாயின் மேற்குக் கோடியில் நீலம்மையின் சாயாக்கடையில் இருந்தவர்கள்: கடற்கரையில் மீன் எடுத்து, மோட்டார் சைக்கிளில் கட்டிக் கிழக்கே கொண்டுபோய் விற்றுவிட்டுத் திரும்பிய வியாபாரிகள் ஏழு பேர், அதாவது கொலப்பன், செய்யதலி, பெலவேந்திரன், பூதலிங்கம், அண்ணன் வில்பிரட், தம்பி ஆல்பன், தாசையன், காற்றாலைக் கம்பெனியின் மஞ்சள் தொப்பி போட்ட ஆட்கள் இரண்டு பேர், ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர், கடைக்காரி நீலம்மை. ஆக மொத்தம் பதினொன்று. கோழியைச் சேர்த்தால் பன்னிரண்டு. அன்று பார்த்ததைப் பற்றி ஊரெல்லாம் போய் ஒன்றும் சொல்லாமல் இருந்தது அந்தக் கோழி மட்டும்தான் என்பதால் அதையும் சேர்த்துக்கொள்வதே முறை. இவர்களில் நீலம்மை, கொலப்பன், செய்யதலி, தாசையன் ஆகிய நான்கு பேரை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

நீலம்மை சட்னிக்குத் தாளிக்க எண்ணெய் காயவைத்திருந்தாள். கடுகு டப்பா காலி. பெஞ்சின் காலடியில் நாலைந்து கடுகு சிந்திக் கிடப்பதைக் கண்டு, பொறுக்கி, ஊதி, எண்ணெயில் போட்டாள். முதல் கடுகு வெடிக்காமல் சில்வண்டு மாதிரி நீளமாகக் கத்தியது. இரண்டாவது, டம்ளர் ஒன்று சிமெண்டுத் தரையில் விழுந்து உருண்டு உருண்டு அடங்கும் சத்தத்தைப் போட்டது. மூன்றாவது, பால் பொங்குவதற்குச் சற்று முன்னால் பாத்திரத்தின் விளிம்பில் எழும் மெல்லிய சீறலைச் சீறியது. நீலம்மை அடுப்பைத் தணித்து, இது கடுகு இல்லை என்று சொல்லி, பக்கத்துத் தோப்பு வீட்டில் நல்ல கடுகு கைமாற்று வாங்கி வர ஆட்டுக்காரரை அனுப்பினாள்.

ஏழு மீன்காரர்களில் நான்கு பேர் சட்டியின் பக்கம் தலையைத் திருப்பினார்கள், மூன்று பேர் திருப்பவில்லை. தாசையன் திருப்பாதவர்களில் ஒருவர். அவருக்கு எதுவும் கேட்கவில்லை. மற்றவர்கள் ஒரு எண்ணெய்ச் சட்டியை அப்படி உற்றுப் பார்ப்பதைக் கண்டு, தன்னை வைத்து ஏதோ விளையாட்டு நடக்கிறது என்று நினைத்து, தலையைக் குனிந்து சாயாவை ஊதிக் குடித்தார். ஐம்பத்து மூன்று வயது, ஐந்தாம் வகுப்புப் படிப்பு, நாலு பேர் சேர்ந்து பார்த்தால் கை கால் எங்கே வைப்பதென்று தெரியாத கூச்சம். ஆனால் கணக்கில் அவர் பிசகியதில்லை. கூடையைப் பார்த்த மாத்திரத்தில் சாளை மீன் இத்தனை என்று சொல்வார், எண்ணிப் பார்த்தால் அத்தனை இருக்கும்.

அந்த மணிகள் எங்கிருந்து வந்தன என்பது அதிக நேரம் மறைந்திருக்கவில்லை. வண்டிச் சாவியால் காது குடைவது கொலப்பனின் பழக்கம். அவர் குடைந்தபோது வடைத் தட்டில் மூன்று மணிகள் விழுந்தன. உடனே மற்றவர்களும், அவரவர் வண்டியருகே போய் நின்று, குளத்தில் முங்கி எழுந்தவர்கள் காதுத் தண்ணீரைத் தட்டி வெளியேற்றுவதைப் போலத் தலையைச் சாய்த்துத் தட்ட, காய்ந்த சாளையின் கண் நிறத்தில், கடுகை விட லேசான மணிகள், மொத்தம் அறுபத்தொன்று விழுந்தன. அறுபத்தொன்று என்று எண்ணிச் சொன்னவர் தாசையன்.

"காது காய்ச்சுத் தள்ளுகு அண்ணாச்சி. விதைச்சா முளைக்குமாண்ணு பாப்பமா?" என்றான் செய்யதலி.

முளைக்குமா என்று ஒருவரும் விதைத்துப் பார்க்கவில்லை. ஏன் உதிர்கிறது என்றும் பெரிதாக யோசிக்கவில்லை, ஏனென்றால் ஆடியில் அந்தக் கணவாயில் எது உதிராமல் இருந்திருக்கிறது? காலையில் கிழக்கே போகும்போது காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும். பகலில் திரும்பும்போது அதே காற்று முகத்துக்கு நேரே வந்து, பதினாறு கிலோமீட்டருக்கும் காதுக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டே இருக்கும். சட்டைப் பித்தான், ஹெல்மெட்டின் கண்ணாடி, ஒருமுறை பூதலிங்கத்தின் பல்செட்டு என்று அது பிடுங்கிப்போட்டவை பல. அந்த வரிசையில் காதும் சேர்ந்தது, அவ்வளவுதான்.

காதை மூடிக்கொள்ளலாமே என்று கேட்டால் மீன்காரர்கள் சிரிப்பார்கள். அவர்கள் தொழில் காதில் இருக்கிறது. வீட்டுக்குள்ளிருந்து ஒருத்தி "ஏ மீனு" என்று ஒரே ஒரு தடவைதான் கூப்பிடுவாள். அது காதில் விழாமல் போனால் அந்தத் தெரு மறுநாள் வேறொருவனுடையது. அதனால் ஹெல்மெட்டைக்கூடக் காது வெளியே தெரியும்படி உச்சியில் கவிழ்த்து வைப்பார்கள். ஏலம் எடுத்த நேரம் முதல் வீட்டுத் திண்ணையில் பெட்டியை இறக்கும் வரை காது திறந்திருக்க வேண்டும் என்பது அப்பன் காலத்திலிருந்து வந்த வழக்கம், அதை ஒருவரும் மாற்றியதில்லை.

சந்தேகம் தொடங்கியது கொலப்பனிடம். வண்டிகள் நின்ற இடத்தில் நீலம்மை பெருக்கி வைத்த சிறு குவியல்களில் ஒன்றிலிருந்து ஒரு மணியை எடுத்து விளையாட்டாகக் காதில் போட்டார். கண்ணாடி வளையல் குலுங்குவதும், அதன் பின்னால் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பதும் கேட்டது. கேட்டு முடிந்ததும் மணி மாவாகிப் போயிற்று. ஒரு மணி ஒரு தடவைதான் பேசும் என்பது அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. கொலப்பனுக்கு வேறொன்றும் தெரிந்தது. அது அவர் மனைவியின் வளையல், அவர் மனைவியின் சிரிப்பு. மற்ற ஆறு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். என் வீட்டுக்காரியின் வளையல் உங்களில் எவன் காதுக்குள் இருந்தது என்று அவர் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததுதான் எல்லாவற்றுக்கும் காரணமாயிற்று.

ஆடி ஒன்பது முதல் ஏழு வண்டிகளும் தள்ளித் தள்ளி நின்றன. தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு ஏழு கட்டங்கள் ஆக்கினார்கள். அவரவர் காதை அவரவர் கட்டத்தில் தட்டி, விழுந்ததை அவரவரே பெருக்கிப் பொட்டலம் கட்டிக்கொண்டு போவது என்று ஏற்பாடு. காற்றில் ஒரு மணி கோடு தாண்டி உருண்டால் இரண்டு பேரும் எழுந்து நிற்பார்கள். வில்பிரட்டும் ஆல்பனும் ஒரு தாய் பிள்ளைகள், அவர்கள்கூட முதுகுக்கு முதுகு உட்கார்ந்து சாயா குடித்தார்கள். நீலம்மையையும் நம்பவில்லை. ஒன்பதாம் தேதிக்கு முன்னால் பெருக்கியதை அவள் என்ன செய்தாள் என்று குடைந்தார்கள். வீடுகளிலிருந்து பெண்கள் பஸ் ஏறி வந்து, சாயா பிடிக்காதவர்கள்கூட இரண்டு சாயா குடித்து, பெஞ்சுக்கு அடியில் நோட்டம் விட்டுப் போனார்கள். காது அடைப்பான் ஒன்று கடையில் கிடைக்கிறதாம், மணி உதிராதாம் என்று காற்றாலை ஆட்கள் சொன்னபோது எல்லோருடைய முகத்திலும் ஆசை தெரிந்தது. கொலப்பன் சாவியால் காதைக் குடைந்தபடி சொன்னார்:

"ஒளிக்கதுக்கு உள்ளவன் அடைக்கட்டு. மொத ஆளா அடைக்கது யாருண்ணுதான் நானும் பாத்துக்கிட்டு இருக்கேன்."

அதற்குப் பிறகு யார் அடைப்பார்கள்?

தாசையனின் சந்தேகம் சாயாக்கடையில் இல்லை, வீட்டில் இருந்தது. அவருக்கு ஒரே மகள், ஷைனி, பதினெட்டு வயது, நூல் மாதிரி மெல்லிய குரல். பெரிய வெள்ளிக்கு மறுநாளிலிருந்து அவள் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் வாசலில் வண்டியை நிறுத்தும்போது அவளும் அவள் அம்மா பிரகாசியும் அடுக்களையில் வாயசைத்துக்கொண்டிருப்பார்கள், இவர் உள்ளே நுழைந்ததும் நிறுத்திவிடுவார்கள். அரிசிப் பானைக்கு அடியில் மடித்த தாள் ஒன்று. பரணில் புதிய பை ஒன்று, அதற்குள் புதுத்துணி நான்கு. எட்டு போட்டோ எடுத்ததில் உறையில் ஆறுதான் இருந்தது, இரண்டு யாரிடமோ போயிருந்தது. தாள், பை, துணி, போட்டோ எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் ஒரே ஒரு விடைதான் வந்தது: பெண் யாருடனோ போய்விடப் போகிறாள், அம்மாவும் உடந்தை. அதைக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிட்டால்?

ஆகையால் தன் வீட்டுச் சங்கதி எந்தக் காதிலும் விழக்கூடாது என்று முடிவெடுத்தார். தன் மணிகளை வீட்டுக்கும் கொண்டுபோகவில்லை, தானும் கேட்கவில்லை. தினமும் திரும்பும் வழியில் கால்வாய்ப் பாலத்தில் வண்டியை நிறுத்தி, எண்ணி, தண்ணீரில் கொட்டினார். ஒரு நாள் எட்டு, ஒரு நாள் ஒன்பது, காற்று மிகுந்த நாளில் பன்னிரண்டு. ஞாயிறு இரண்டும் போகப் பதினொரு நாளில் நூற்று நான்கு. கொட்டிய இடத்தில் கெண்டைகளும் கெளுத்திகளும் மேலே வந்து, வாயைத் திறந்து, அசையாமல் நின்றன. இரை தின்னும் மீன் அப்படி நிற்காது என்று மீன்காரரான அவருக்குத் தெரியும். தெரிந்தும் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

ஆடி இருபத்திரண்டு, புதன்கிழமை, ஒன்பது மணிகள். எட்டைக் கையில் எண்ணியாயிற்று, ஒன்பதாவது மீன்பிசின் பட்ட விரல்நுனியில் ஒட்டிக்கொண்டது. அவருக்குத் தெரியாது. அந்தச் சமயம் பார்த்துக் காது அரிக்க, அந்த விரலாலேயே குடைந்தார்.

"அப்பா, சோறு வைக்கட்டா?"

தாசையன் திரும்பிப் பார்த்தார். பாலத்தில் ஒருவரும் இல்லை. நூல் மாதிரி அந்தக் குரல், கடைசி எழுத்தில் கொஞ்சம் ஏறி நிற்கும் அந்தக் குரல், காதுக்குள் ஒருமுறை நடந்துவிட்டு மாவாகப் போயிற்று. பேசாதவள் குரல் தன் காதில் எப்படி வந்தது? பேசியிருக்கிறாள். பேசிக்கொண்டே இருந்திருக்கிறாள். காற்று முதலில் பிடுங்கியது மெல்லியதைத்தான். மற்றவர்கள் குரலையெல்லாம் விட்டுவிட்டு அவள் குரலைத்தான் முதலில் உதிர்த்திருக்கிறது. அவர் குனிந்து தண்ணீரைப் பார்த்தார். மீன்கள் வாயைத் திறந்தபடி காத்திருந்தன. நூற்று நான்கும் அவற்றின் வயிற்றில். உள்ளங்கையில் எட்டு. அதைக் கைக்குட்டையில் நான்கு முடிச்சுப் போட்டு, சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

வீட்டில் ஷைனி இல்லை. பிரகாசியிடம், சுவரைப் பார்த்துக்கொண்டு, "பிள்ள எங்கிட்ட பேசுகாளா?" என்று கேட்டார்.

பிரகாசி அரிவாள்மனையிலிருந்து நிமிர்ந்தாள். நையாண்டி செய்கிறாரோ என்று அவளுக்குச் சந்தேகம்.

"பேசாம? தொண்ட வத்தப் பேசுனா. நீங்கதானே கேட்டதுக்குப் பதிலில்லாம, சொவத்தப் பாக்க மாதிரி பாத்துக்கிட்டு இருந்தீங்க. இனி அவ எத்தன மட்டம் கேப்பா? இந்த ஆடி போனா அதுவும் போச்சு."

எது போச்சு என்று கேட்டிருக்கலாம்.  ஆடி முடிய ஒன்பது நாள் இருந்தது, அதை மட்டும் எண்ணிக்கொண்டார்.

மறுநாள் வண்டி எடுக்கவில்லை. பஸ்ஸில் போய், பெரியாஸ்பத்திரியில் காது பார்க்கும் இடத்தில் உட்கார்ந்தார். அங்கே இருந்த பெண் அவரை ஒரு கண்ணாடி அறைக்குள் வைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் விரலைத் தூக்கச் சொன்னாள். அவர் இருபது தடவை தூக்கினார். நாற்பது தடவை தூக்கியிருக்க வேண்டும் என்றாள் அவள். வண்டியின் சத்தத்தைவிடக் காதோரம் அறையும் காற்றுதான் கெடுதல் என்றும், நாள் தவறாமல் அறைந்தால் உள்ளே இருக்கும் பொடி மயிர்கள் சாய்ந்துவிடும், பிறகு நிமிராது என்றும் சொன்னாள். மணிகளைப் பற்றி அவர் சொன்னபோது, எல்லாருக்கும் மணியாக விழாது, சிலருக்குச் சும்மாவே போய்விடும் என்று எழுதிக்கொண்டே சொன்னாள். மஞ்சள் நுரையில் செய்த இரண்டு அடைப்பான்களைக் கொடுத்துப் போடவும் காட்டினாள்: சுத்தமான விரலில் ஊசி மாதிரி உருட்டி, மறு கையைத் தலைக்கு மேல் கொண்டுபோய்க் காதை மேலே இழுத்து, உள்ளே விட்டு, அது ஊதி நிறையும் வரை முப்பது எண்ண வேண்டும். எண்ணச் சொன்னது அவருக்குப் பிடித்திருந்தது.

"லாரிக்காரன் ஆரன் அடிச்சா கேக்காதே?" என்றார்.

"இப்ப கேக்குதா?"

அவர் யோசித்தார். கணவாயில் லாரி பக்கத்தில் வந்த பிறகுதான் அது வந்ததே தெரியும்.

"காத்துச் சத்தம் அடங்கினா ஆரன் தனியாக் கேக்கும். போட்டுப் பாருங்க. விழுந்தது விழுந்ததுதான் அண்ணாச்சி. மிச்சத்தப் பாத்துக்கிடுங்க."

ஆடி இருபத்து நான்கு, வெள்ளிக்கிழமை. கிழக்கே கடைசி மீனை விற்ற பிறகு, பெட்டியைக் கழுவி, கையைக் கழுவி, தாசையன் இரண்டு காதிலும் முப்பது முப்பது எண்ணினார். கணவாய்க்குள் நுழைந்ததும் காற்று வந்து முட்டியது, காது வரை வந்தது, கதவு சாத்தியிருப்பதைக் கண்டு திரும்பிப் போயிற்று. பின்னால் வெகுதூரத்தில் ஒரு லாரியின் ஆரன் சன்னமாக, தனியாக, தெளிவாகக் கேட்டது. அவர் ஓரம் ஒதுங்கி வழிவிட்டார். போகிற வழியில் வீடுகளை எண்ணிக்கொண்டே போனார். பதினாறு கிலோமீட்டரில் ஒரு வீடுகூட இல்லை. காற்றாலைகள் இருநூற்றுப் பன்னிரண்டு, வீடு ஒன்றுமில்லை. பெட்டியில் மீனும் இல்லை. முப்பத்தொரு வருஷமாக அவர் காதைத் திறந்து வைத்திருந்தது எந்த வீட்டுப் பெண் கூப்பிடுவதற்காக?

சாயாக்கடையில் இறங்கும்போதும் மஞ்சள் அடைப்பான்கள் காதிலேயே இருந்தன. கழற்ற வேண்டும் என்று தோன்றவில்லை. ஆறு தலைகள் திரும்பின. அவர் தன் கட்டத்தில் நின்று, அடைப்பான்களை எடுத்து, தலையைச் சாய்த்துத் தட்டினார். ஒன்றும் விழவில்லை. சுண்ணாம்புக் கோட்டுக்குள் தரை சுத்தமாக இருந்தது.

கொலப்பன் எழுந்து வந்தார். கோட்டைத் தாண்டினார். அதுவரை ஒருவரும் இன்னொருவர் கோட்டைத் தாண்டியதில்லை.

"அப்ப நீருதானா? ஆறு பேருல ஒம்மள மட்டும் நான் நெனைக்கல்லவே. இந்த வாயில்லாப் பூச்சியா எம் பொண்டாட்டி வளையல் சத்தத்தக் காதுல வச்சுக்கிட்டு அலையுகு?"

மற்றவர்கள் கண்ணாடி டம்ளரை வைத்துவிட்டார்கள்.  சொல்வதற்குத் தாசையனிடம் பேச்சு இல்லை, மணிகள்தான் இருந்தன. கைக்குட்டையை எடுத்து, நான்கு முடிச்சையும் அவிழ்த்து, எட்டில் ஒன்றை எடுத்தார். எடுத்த கை கொஞ்ச நேரம் நின்றது, ஏனென்றால் அதற்குள் என்ன இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது, கொடுத்துவிட்டால் பிறகு ஒருபோதும் தெரியப்போவதில்லை. பிறகு கொலப்பனின் காதில் வைத்தார்.

கொலப்பன் அசையாமல் நின்று கேட்டார். முகத்திலிருந்த கோபம் எங்கே போவதென்று தெரியாமல் அங்கேயே நின்றது.

"ஒரு பிள்ளையாக்கும் பேசுகு," என்றார் மெதுவாக. "ஒம்ம மவளாட்டு இருக்கும். 'அப்பா, கோயம்புத்தூர்ல நர்சிங்குக்கு எடம் கெடச்சிருக்கு, நான் போகட்டா'ண்ணு கேக்கா." அவர் தாசையனைப் பார்த்தார். "நீரு என்னவே சொன்னீரு?"

 பெரிய வெள்ளிக்கு மறுநாளிலிருந்து தாசையன் அவளுக்குப் பதில் சொல்லாமல் இருந்து அன்றைக்கு நூற்று முப்பத்திரண்டு நாள். தாள், பை, துணி நான்கு, போட்டோ இரண்டு. கூட்டல் சரி, விடைதான் வேறு.

அப்போது நீலம்மை உள்ளேயிருந்து ஏழு தீப்பெட்டிகளைத் தட்டில் அடுக்கிக் கொண்டுவந்தாள். கோடு போடுவதற்கு முந்தி நான்கு நாள் அவள் பெருக்கியவை, ஒவ்வொரு வண்டியும் நின்ற இடத்தில் விழுந்த மணிகள் தனித்தனித் தீப்பெட்டியில் இருந்தன. அவள் கொலப்பனைப் பார்த்துச் சொன்னாள், அன்றைக்கு நீங்கள் எடுத்துப் போட்ட மணியில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது, எண்ணெய் ஒழுகுவது இங்கே ஒரே ஒரு வண்டிதான்.

எல்லோரும் கொலப்பனின் வண்டிக்கு அடியில் பார்த்தார்கள். கறுப்பாக, வட்டமாக, எண்ணெய்க்கறை. அவர் மனைவியின் வளையலும் சிரிப்பும் அவர் காதிலிருந்தே விழுந்தவை. அவருக்கு அது கேட்காமல் போய் எத்தனை நாளாயிற்று என்று அவருக்கே தெரியாது.

"அப்ப மதினி இத்தன நாளும் யாருக்குச் சிரிச்சிருக்கா?" என்றான் செய்யதலி. "ஒமக்குத்தான் ஓய். நீருதான் ஆளில்லாத வீடு மாதிரி இருந்திருக்கீரு."

கொலப்பன் தன் தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு, கடையின் பின்பக்கம் போய் நின்றார். அவரை ஒருவரும் பார்க்கவில்லை.

தாசையனின் தீப்பெட்டியில் முப்பத்தாறு இருந்தது. கலக்காமல் எப்படிப் பிரித்தாய் என்று கேட்டதற்கு நீலம்மை, "நீங்க ஒரு நாளாவது வண்டிய ஒரு சாண் தள்ளி நிறுத்துனது உண்டா அண்ணாச்சி?" என்றாள். கைக்குட்டையில் ஏழு, பெட்டியில் முப்பத்தாறு, ஆக நாற்பத்து மூன்று. சாயாவைப் பாதியில் வைத்துவிட்டு அவர் வண்டியைக் கிளப்பினார். அன்று அவர் சாயா மிச்சம் வைத்ததை எல்லோரும் பார்த்தார்கள்.

ஷைனி வாசலில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். அவர் இறங்காமலே சொன்னார்:

"போ மக்கா. கோயம்புத்தூருக்குப் போ."

அவள் ஏதோ சொன்னாள். உதடு அசைந்தது, அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது. அவர் கைக்குட்டையைப் பிரித்து, ஒரு மணியை எடுத்து, அவள் காதில் வைத்தார். அவள் தன் குரலையே, அவர் ஒரு காலத்தில் கேட்ட விதத்தில், ஒருமுறை கேட்டாள். பிறகு துணியை அப்படியே போட்டுவிட்டு, ஏலக்காரர் கரையில் நின்று கத்துவதைப் போல அடித்தொண்டையில் கத்தினாள்: "கேட்டுதா அப்பா?" பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. தாசையனுக்குக் கேட்டுவிட்டது. கையில் நாற்பத்திரண்டு.

ஆடி முப்பதாம் தேதி அவள் பை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். பஸ் புறப்படும் முன்பு ஒரு மணியை வாங்கி, தாவணி முனையில் முடிந்துகொண்டாள். நாற்பத்தொன்று. ஆவணி பிறப்பதற்குள் மீன்காரர்கள் ஏழு பேரின் காதிலும் மஞ்சள் அடைப்பான் வந்துவிட்டது. காதைக் காப்பாற்ற என்று அவர்கள் சொன்னார்கள். தன் வீட்டுச் சிரிப்பை இன்னொருவன் பொறுக்கிவிடுவானோ என்ற பயமும் அதில் பாதி இருந்தது. பயமோ என்னவோ, காற்று தினமும் வந்து கதவைத் தட்டிவிட்டு வெறுங்கையோடு போயிற்று. கோழி மட்டும் கொஞ்ச நாள் பெஞ்சின் காலடியைக் கிளறிப் பார்த்தது.

தாசையன் தீப்பெட்டியை வேதப்புத்தகத்தின் பின்னால் வைத்திருக்கிறார். அவர் அதிலிருந்து ஒன்றையும் எடுப்பதில்லை. சனிக்கிழமைதோறும் எண்ணி மட்டும் வைப்பார். ஆவணி முதல் சனிக்கிழமை எண்ணினால் நாற்பது. மறுபடியும் எண்ணினார், நாற்பது. எலி எடுக்காது, எறும்பு எடுக்காது, வீட்டில் இருப்பது இரண்டு பேர். அடுக்களையில் பிரகாசி, அடுப்பில் எதுவும் இல்லாத நேரத்தில், ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு, சுவரோரம் நின்றிருந்தாள். அவர் வாசற்படியில் ஒரு நிமிஷம் நின்றார். கேட்கலாம் என்று நினைத்தார். பிறகு ஓசையில்லாமல் வந்து, தீப்பெட்டியை, அவள் கைக்கு எட்டும்படி, புத்தகத்துக்கு முன்னால் வைத்தார். அடுத்த சனிக்கிழமை எண்ணியபோது இருந்தது முப்பத்தொன்பது.